கீசரைச் சுற்றித் துருவா? மாற்றும் முன் காரணத்தைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



சென்ற கூட்டத்தில் ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டீர்கள். "கீசருக்கு அடியில் துரு தெரிகிறது. புதிதாக மாற்றிவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" இதைப் பற்றி விவரம் சேகரித்துப் பேசும்படி செயலாளர் என்னிடம் சொன்னார்.

நான் பிளம்பரும் இல்லை, எலக்ட்ரீஷியனும் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் கணக்கு நேராகவில்லை என்றால் பேரேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பேரேடு வாங்க மாட்டோம். எந்தப் பக்கத்தில், எந்தப் பதிவில் வித்தியாசம் வந்தது என்று வரிசையாகத் தேடுவோம். கீசர் துருவுக்கும் அதுதான் வழி. துரு என்பது நோய் அல்ல, நோயின் அடையாளம். எங்கே இருக்கிறது, என்ன நிறம், எப்போது ஈரம் வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். சில நேரம் பத்து ரூபாய் வாஷரோடு முடியும். சில நேரம் அன்றைக்கே கீசரைக் கழற்ற வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பணமும் மிஞ்சும், உயிருக்கும் பாதுகாப்பு.

முதலில் உயிர், பிறகுதான் துரு

மற்ற எதையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். குழாயையோ ஷவரையோ தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? ஒயர் போகும் அடிமூடியில் ஈரம் தெரிகிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அந்த கீசருக்கான எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதை மேலே ஏற்ற வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2000 வாட் கீசர் ஒன்று எட்டு, ஒன்பது ஆம்பியர் கரண்ட் எடுக்கும். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருப்பார்கள். மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் போனாலே ஆபத்து. 16-ஐ 0.03-ஆல் வகுத்துப் பாருங்கள், 500 மடங்குக்கு மேல் வருகிறது. ஒயர் எரியாமல் காப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. ஆளைக் காக்கிற அளவுக்கு நுணுக்கமாக அதற்குப் பார்க்கத் தெரியாது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். அதிலேயே 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சுவரில் இருக்கும் அலங்காரப் பொருள்தான்.

நம் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை ஒதுக்கிவிட்டு நேராக ஒயரை இணைத்திருந்தார்கள். அந்த வீட்டில் தனியாக இருப்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. காவல்காரன் கத்துகிறான் என்று அவன் வாயைக் கட்டுவது போன்ற வேலை அது. உள்ளே பார்த்தால் கீசரின் அடித்தட்டில் ரப்பர் கேஸ்கெட் இற்றுப்போய், ஹீட்டர் கம்பியின் முனை வரை தண்ணீர் வந்திருந்தது. வெளியே தெரிந்ததோ ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துருக் கறை மட்டும்தான்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? நம் தோட்டத்துக் கத்தியே சொல்லும்

ஓடைப்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். திராட்சைத் தோட்டத்துக்குப் போர்டோ கலவை தயாரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சதவீதக் கலவை என்றால் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மயில்துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில்தான் கரைப்பார்கள். கலவை சரியா என்று பார்க்க, பளபளப்பான கத்தியை அதற்குள் சிறிது நேரம் விட்டு எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அந்தச் செம்பு நிறம் எப்படி வந்தது? தண்ணீரில் கரைந்திருந்த செம்பு கத்தியின் மேல் படிந்தது. அதற்குப் பதிலாகக் கத்தியின் இரும்பு கொஞ்சம் தண்ணீரில் கரைந்து போனது. செம்பும் இரும்பும் தண்ணீரில் சந்தித்தால் நஷ்டப்படுவது இரும்புதான். உலோகங்களுக்குள் இப்படி ஒரு வரிசை உண்டு. மக்னீசியம், துத்தநாகம், இரும்பு, செம்பு என்ற வரிசையில் முன்னால் நிற்பது கரையும், பின்னால் நிற்பது பிழைக்கும்.

திராட்சைப் பந்தலில் கட்டியிருக்கும் ஜி.ஐ. கம்பியும் இதே கணக்குதான். இரும்புக் கம்பிக்கு மேல் துத்தநாகப் பூச்சு. கொஞ்சம் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பூச்சு தீர்ந்த பிறகுதான் கம்பி சிவக்கத் தொடங்கும்.

இதை முதலில் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் கப்பல்காரர்கள். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் மர அடிப்பாகம் முழுவதும் செம்புத் தகடு அடித்தது. கடல் புழு மரத்தைத் துளைக்கக் கூடாது என்பதற்காக. இரண்டு வருடம் கழித்துச் சோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. அவற்றிலும் சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. ஏன் என்று பார்த்தால், செம்புத் தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளுக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டியிருந்தது. ஒரு துண்டுக் காகிதம் இரும்பைக் காப்பாற்றிவிட்டது.

1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். கரைவதற்கென்றே ஒரு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ கப்பலின் செம்போடு சேர்த்து வைத்தால், அது கரையும், செம்பு பிழைக்கும் என்று காட்டினார். இன்றைக்கும் இரும்புக் கப்பல்களின், படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். படகுக்குள் வைக்கும் வெந்நீர்த் தொட்டியிலும் இதே ஏற்பாடு உண்டு.

இந்த அரிப்பு ஆராய்ச்சிக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914-இல் திறந்த அந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

உங்கள் கீசருக்குள் யார் கரைகிறார்கள்?

இப்போது நம் குளியலறைக்கு வருவோம். சேமிப்பு கீசரின் உள்தொட்டி பெரும்பாலும் இரும்புத் தகடு, அதன் உட்புறம் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு. சில வகைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தொட்டியைச் சுற்றி வெப்பம் காக்கும் ஃபோம். அதற்கு வெளியேதான் நாம் பார்க்கும் உடல். உள்ளே ஹீட்டர் கம்பி. அதன் பக்கத்தில் ஒரு மக்னீசியம் தண்டு. இதற்குப் பெயர் ஆனோடு.

எனாமல் பூச்சில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தே தீரும். அந்த இடத்தில் இரும்பு கரையாமல் இருக்க, மக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. வணிகவியல் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொன்னால், தொட்டியின் தேய்மானத்தை ஆனோடு தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அந்தக் கணக்கில் இருப்பு தீர்ந்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து தொட்டியின் கணக்கில் பற்று விழத் தொடங்கும்.

புது ஆனோடு சில நூறு ரூபாய். புது கீசர் பல ஆயிரம். ஆனாலும் கீசர் வாங்கிய நாள் முதல் ஆனோடைப் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் வருடம் ஒருமுறை சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றித்தான் பார்க்க முடியும், நாமே செய்ய வேண்டாம். தண்டு பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ, நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய தண்டை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். அடித்தட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

எங்கே துரு, என்ன நிறம், எப்போது ஈரம்

பார்ப்பதற்கு முன் எம்.சி.பி.யை இறக்குங்கள். நாற்காலிமேல் நாற்காலி போட்டு ஏற வேண்டாம், உறுதியான ஏணியும் கீழே பிடிக்க ஒரு ஆளும் வேண்டும். கையில் ஒரு டார்ச்சும் கொஞ்சம் டிஷ்யூ காகிதமும் போதும்.

முதலில் இடம். கீசரின் மேல்பாகத்தில் துரு இருந்தால் கீசரைப் பார்க்காதீர்கள், கூரையைப் பாருங்கள். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிவு சொட்டுகிறதா? கான்கிரீட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு வடிந்த தடம் இருந்தால் சந்தேகமே இல்லை. கீசரை மாற்றினாலும் புது கீசரின் தலையிலும் அதே தண்ணீர்தான் விழும்.

வெளி உடலில் பரவலாகவும், பக்கத்திலுள்ள டவல் கம்பி, திருகுகள், குழாய் நட்டுகள் எல்லாவற்றிலும் சேர்ந்தும் துருப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம் பாத்ரூம் கழுவும் ஆசிட் மேல் போக வேண்டும். அதன் ஆவியே ஸ்டீலை அரிக்கும். பின்னல் போட்ட ஸ்டீல் ஹோஸ் இதனால் இழை இழையாக அறுந்து, ஒரு நாள் வெடித்து வீடு முழுக்கத் தண்ணீர் ஓடும். இன்னொன்று, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது விஷம்.

துரு கீழே குழாய் சேரும் இடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காய வைத்து, ஒவ்வொரு நட்டிலும் தனித்தனியாக டிஷ்யூவைச் சுற்றிவிட்டு, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் எது நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. ஒரு வீட்டில் தொட்டி ஓட்டையாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று சர்வீஸ்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். டிஷ்யூ கட்டிப் பார்த்ததில் குளிர்ந்த தண்ணீர் வரும் ஹோஸ் நட்டில் இருந்தது மட்டும் நனைந்திருந்தது. அந்தத் தண்ணீர்தான் அடிமூடிக்கு ஓடித் துருவாகியிருந்தது. வாஷர் மாற்றிய பிறகு இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.

எல்லா நட்டும் காய்ந்திருந்து, அடிமூடியின் உள்ளேயிருந்து ஈரம் வந்தால் கேஸ்கெட்டோ தொட்டியோதான். இதில் ஒயர் இருப்பதால் மூடியைத் திறக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன். வெளி உடலின் இணைப்புக் கோட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தால் உள்தொட்டி ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒட்டுப் போட வழி இல்லை. எம்-சீல் அப்பிக் காலம் தள்ள வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்து நிறம். செம்பழுப்பு என்றால் இரும்பு. பச்சை அல்லது நீலப்பச்சை என்றால் செம்பு, பித்தளை. அந்த இணைப்பில் மெதுவான கசிவு இருக்கிறது. பித்தளை வால்வில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்விட்டது, மிஞ்சியிருப்பது பஞ்சு போன்ற செம்பு. திருகினால் ஒடியும், முன்கூட்டியே மாற்றுவது நல்லது. வெள்ளையாகப் படிந்திருந்தால் அதில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் பெரும்பாலும் தண்ணீரின் சுண்ணாம்புதான். அது துரு இல்லை, ஆனால் அங்கே தண்ணீர் கசிந்து காய்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

மூன்றாவது நேரம். தண்ணீர் சூடாகும்போது மட்டும் வால்விலிருந்து சொட்டுகிறதா? பயப்பட வேண்டாம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 350 மில்லி விரிவடையும். திரும்பிப் போக வழி இல்லாதபோது அந்தத் தண்ணீர் அழுத்தம் விடும் வால்வு வழியாக வெளியே வரும். அது வால்வு செய்யும் நல்ல வேலை. சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைத்துவிட்டால் கீசர் பிரஷர் குக்கராகிவிடும். அதிலும் வெயிட் போடாத குக்கர் இல்லை, வெயிட்டை வெல்டிங் வைத்த குக்கர். சொட்டும் தண்ணீரை ஒரு சிறு குழாய் மாட்டித் தரைக்கு இறக்குங்கள், துருவும் நிற்கும். சூடு இல்லாத நேரத்திலும் இரவும் பகலும் சொட்டினால் வால்வு கெட்டிருக்கலாம், அல்லது லைனில் அழுத்தம் அதிகமாக இருக்கலாம்.

செலவு யாருடையது? இரண்டு வாளிச் சோதனை

தண்ணீரே பழுப்பாக வருகிறது என்ற புகார் சங்கத்துக்கு வருகிறது. இதற்கு ஒரு எளிய சோதனை. காலையில் முதன்முதலாகக் குழாயைத் திறக்கும்போது இரண்டு வெள்ளை வாளி வைத்து, ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் வெந்நீர் பிடியுங்கள்.

வெந்நீர் மட்டும் பழுப்பு என்றால் உங்கள் கீசர் அல்லது உங்கள் வெந்நீர்க் குழாய், செலவு வீட்டுக்காரருடையது. இரண்டும் பழுப்பு என்றால், மேலும் கீழும் உள்ள வீடுகளில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே என்றால் மேல்நிலைத் தொட்டியோ பொதுக் குழாயோ போரோதான் காரணம். அது சங்கத்தின் பராமரிப்பு நிதியில் செய்ய வேண்டிய வேலை. அவர்களுக்குத் தெளிவாக வந்தால் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ. குழாயைப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு வந்தால் கூட்டத்தில் பாதி வாக்குவாதம் குறையும்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது துரு இல்லை. தண்ணீரில் உள்ள ஒருவகை பாக்டீரியா சல்பேட் உப்பை வாயுவாக மாற்றுகிறது. மக்னீசியம் ஆனோடு இருக்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். அதற்காக ஆனோடைக் கழற்றி எறியச் சொல்லும் ஆட்கள் உண்டு. எறிந்தால் நாற்றம் போகும், கூடவே தொட்டியும் போகும். அலுமினியம், துத்தநாகம் கலந்த ஆனோடாக மாற்றச் சொல்லுங்கள்.

புதிதாகப் பொருத்தும்போது

அலாரம் கப்பலின் காகிதத்தை நினைவில் வையுங்கள். இரும்பு நிப்பிளை நேராகச் செம்பு அல்லது பித்தளையோடு முறுக்காதீர்கள். நடுவே பிளாஸ்டிக் உட்புறம் கொண்ட இணைப்போ, வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. குழாயோ வந்தால் அந்தக் காகிதத்தின் வேலையை அது செய்யும். வெந்நீர் லைனுக்கு ஜி.ஐ. குழாய் வேண்டாம். ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் சில வகைத் தண்ணீரில் துத்தநாகம் இரும்பைக் காப்பதற்குப் பதிலாக இரும்பையே கரைய விட்டுவிடும். இதனாலும், சுண்ணாம்பு அதிகம் படியாமல் இருக்கவும், தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் வைக்காதீர்கள்.

வாங்கும்போது பெட்டியில் ஐ.எஸ். 2082 முத்திரை இருக்கிறதா, எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். பிரஷர் பம்ப் இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எர்த் ஒயர் உண்மையிலேயே எர்த்துக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருந்தால் அது எர்த் அல்ல. கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது காவலாளியின் மாத வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்

"டி.டி.எஸ். மீட்டரில் எவ்வளவு காட்டினால் ஆபத்து?" என்று ஒருவர் கேட்டார். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு 200, 600; குளோரைடுக்கு 250, 1000. ஆனால் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. குளோரைடு அதிகமானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசித்துளை விழும். அதனால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி, சங்கத்தின் பெயரில் ஒருமுறை முழுச் சோதனை செய்துவிடலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணீர்தானே.

"சாஃப்ட்னர் போட்டால் துரு நிற்குமா?" என்பது அடுத்த கேள்வி. சுண்ணாம்புப் படிவு குறையும், ஹீட்டர் கம்பி நீடிக்கும். துரு நிற்காது. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றி வைக்கிறது. அந்தத் தண்ணீரில் ஆனோடு இன்னும் வேகமாகவே கரையும். சாஃப்ட்னர் வைத்த வீட்டில் ஆனோடை அடிக்கடி பார்க்க வேண்டும்.

"வருடக்கணக்காகப் பூட்டிய வீட்டில் கீசரை என்ன செய்வது?" என்று வெளியூரில் மகனிருக்கும் ஒருவர் கேட்டார். எம்.சி.பி.யை இறக்கி, தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டியை வடித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் தண்ணீரை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே கரண்ட் போட வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு பதிவேடு வைக்கலாம் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். கீசர் பொருத்திய தேதி, ஆனோடு கடைசியாகப் பார்த்த தேதி, ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்திப் பார்த்த தேதி, எர்த் அளந்த தேதி. நான்கே பத்திகள். வருடம் ஒருமுறை ஒரே நாளில் ஒரே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எல்லா வீட்டையும் பார்க்கச் சொன்னால் தலைக்கு ஆகும் கட்டணமும் குறையும். பதிவேட்டை எழுதும் பொறுப்பை நானே ஏற்கிறேன். அந்த வேலையில்தான் எனக்கு அனுபவம் உண்டு.

தனியாக இருக்கும் பெரியவர்கள் ஏணி ஏற வேண்டாம். சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், இளைஞர்கள் யாராவது வந்து பார்ப்பார்கள். இளைஞர்களே, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் "குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "அது பழகிவிட்டது தம்பி" என்று அவர் சொன்னால் அங்கேயே நின்று எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வாருங்கள்.

மற்றதை வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். முதலில் ஆர்.சி.சி.பி. பட்டன், பிறகு டார்ச், பிறகு டிஷ்யூ. என்ன பார்த்தீர்கள் என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிச் சங்கப் பெட்டியில் போடுங்கள்.